பாணர்க்கு இன்று பரிசில் தருவார் யார்?

பி.எஸ்சி. (கணிதம்), இரண்டாம் ஆண்டு

தகடூர் என்னும் பழம்பெயர் கொண்ட நம் தருமபுரி மண்ணை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி, ஔவையாருக்கு நெல்லிக்கனி ஈந்த கதையை அறியாத தமிழ் மாணவர் இலர். ஆனால் அதே அதியமான் ஒரு முறை பரிசில் தராமல் காலம் தாழ்த்தினான் என்பதையும், சினம் கொண்ட ஔவையார் வாயிற்காவலனிடம் பேசுவதாக அமைந்த பாட்டு ஒன்று புறநானூற்றில் உண்டு என்பதையும் நம்மில் சிலரே நினைவில் வைத்திருக்கிறோம். கலை கற்றவர் இந்த ஒரு வாயிலையே நம்பிப் பிழைப்பவர் அல்லர், போகும் இடமெல்லாம் அவர்க்கு உணவு உண்டு என்பதே அப்பாட்டின் கருத்து. எத்துணைத் துணிவான சொல்!

அக்காலத்தில் பரிசில் பெற்று மீண்ட கலைஞன், வறுமையோடு எதிரே வருபவனைக் கண்டு, இன்ன வள்ளலிடம் இன்ன வழியாகப் போ என்று வழிகாட்டினான். அதுவே ஆற்றுப்படை. பத்துப்பாட்டில் ஐந்து நூல்கள் ஆற்றுப்படை நூல்களே. கலைஞனுக்கு வருவாய் எங்கே கிடைக்கும் என்னும் கேள்வி நம் இலக்கியத்தில் பாதி இடத்தைப் பிடித்துக்கொண்டது என்றால் அது மிகையாகாது.

இன்று ஓர் இசைக் கலைஞர் நம் எதிரே வந்து, "இசைத்தட்டு போயிற்று, ஒலிநாடா போயிற்று, குறுந்தகடும் போயிற்று. பாட்டு எல்லோருக்கும் இலவசமாகக் கைபேசியில் கிடைக்கிறது. நான் எங்கே போவேன்?" என்று கேட்டால் நாம் என்ன சொல்வோம்? இக்கேள்வி எனக்கு ஏட்டுக் கேள்வி அன்று, வீட்டுக் கேள்வி. ஏனெனில் என் தந்தையார் பம்பை அடிப்பவர்.

என் வீட்டுக் கதை

பாப்பிரெட்டிப்பட்டி வட்டாரத்தில் மாரியம்மன், அங்காளம்மன் திருவிழா என்றால் பம்பை இல்லாமல் நடவாது. மரத்தாலும் பித்தளையாலும் ஆன இரண்டு முழவுகளைச் சேர்த்துக் கட்டி இடுப்பில் தொங்கவிட்டு, குச்சிகொண்டு அடிப்பார்கள். உடன் உடுக்கையும் சிலம்பும் சேரும். மாசி முதல் வைகாசி வரையிலும் பிறகு ஆடியிலும் தந்தையார் இரவில் வீடு தங்கமாட்டார். மற்ற மாதங்களில் கரும்பு வெட்டவும் மரவள்ளிக் கிழங்கு பிடுங்கவும் போவார். அவர் கையில் பம்பைக் குச்சி தந்த காய்ப்பும் உண்டு, வெட்டுக்கத்தி தந்த காய்ப்பும் உண்டு. அந்தக் கைகளின் உழைப்பில்தான் எங்கள் குடும்பத்தில் முதன்முதலாக ஒருவன் கல்லூரிப் படியை மிதித்திருக்கிறேன்.

நான் பிறப்பதற்கு முன், 1998இல், தந்தையாரின் குழுவை ஒருவர் வெளியூர் ஒலிப்பதிவுக் கூடத்துக்கு அழைத்துப் போனார். ஒரு பகலும் ஓர் இரவும் அம்மன் பாட்டுகளைப் பாடி, பம்பை அடித்துப் பதிவு செய்தார்கள். ஐந்து பேருக்கும் சேர்த்து 1,500 ரூபாயும் பத்து ஒலிநாடாக்களும் கொடுத்தார்கள். தாளில் எதையும் எழுதவில்லை. அந்த ஒலிநாடாவில் ஒன்று இன்றும் எங்கள் வீட்டுப் பெட்டியில் இருக்கிறது. அட்டையில் அம்மன் படம் இருக்கிறது, விற்றவரின் பெயர் இருக்கிறது. பாடியவர்கள் இருக்க வேண்டிய இடத்தில் 'குழுவினர்' என்ற ஒரே சொல் இருக்கிறது.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் பொம்மிடியில் ஒரு தேநீர்க் கடையில் நாங்கள் நின்றிருந்தபோது கடைக்காரரின் கைபேசியில் அதே பாட்டு ஒலித்தது. வாங்கிப் பார்த்தேன். யூடியூபில் யாரோ ஒருவர் ஏற்றியிருந்தார். பதினான்கு லட்சம் முறை பார்க்கப்பட்டிருந்தது. அதிலும் பெயர் இல்லை. தந்தையார் தேநீரைக் கையில் வைத்துக்கொண்டு பாட்டு முடியும்வரை கேட்டார். பிறகு, "அப்பவே கை நல்லாத்தான் பேசியிருக்குதுடா" என்று மட்டும் சொன்னார். அவருக்குக் கோபம் வரவில்லை. எனக்கு வந்தது. அந்தக் கோபத்தில்தான் இக்கட்டுரை பிறந்தது.

தட்டு வந்த கதை, தட்டு போன கதை

இசையைப் பொருளாக்கி விற்பது பழைய வழக்கம் அன்று. நம் நாட்டில் அது 1902இல் தொடங்கியது எனலாம். அவ்வாண்டு கல்கத்தாவில் கௌஹர் ஜான் என்னும் பாடகியின் குரலை கிராமபோன் நிறுவனத்தார் பதிவு செய்தனர். ஒவ்வொரு பாட்டின் முடிவிலும் அவர் தம் பெயரை ஆங்கிலத்தில் உரக்கச் சொன்னார். பதிவுகள் ஜெர்மனிக்குப் போய்த் தட்டாக வர வேண்டியிருந்தமையால், எது யாருடைய குரல் என்று அங்குள்ளோர் அறிவதற்காக அப்படிச் செய்தனர். எளிய ஏற்பாடுதான். ஆனால் அந்தப் பெண்மணி தம் பெயரைத் தம் பாட்டிலிருந்து யாரும் பிரிக்க முடியாதபடி செய்துவிட்டார்!

பிறகு சென்னையிலும் இசைத்தட்டு வாணிகம் வளர்ந்தது. ஏ.வி. மெய்யப்ப செட்டியார் படம் எடுக்க வருவதற்கு முன் சரஸ்வதி ஸ்டோர்ஸ் வழியாக இசைத்தட்டு விற்றவரே. கே.பி. சுந்தராம்பாளின் குரலும், திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடியும் அவர்களை நேரில் காணாத ஊர்களுக்கெல்லாம் தட்டின் வழியே சென்றன. 1963இல் பிலிப்ஸ் நிறுவனம் ஒலிநாடாவைக் கொண்டு வந்தது. 1980களில் அது நம் நாட்டுக் கிராமங்கள்வரை பரவியது. எல்.ஆர். ஈஸ்வரியின் அம்மன் பாட்டும் வீரமணியின் ஐயப்பன் பாட்டும் ஒலிக்காத ஒலிபெருக்கி அந்நாளில் இல்லை.

பிறகு நடந்ததை நாம் கண்ணாரக் கண்டோம். குறுந்தகடு ஒன்றில் நூறு பாட்டுகளை அடைத்து முப்பது ரூபாய்க்கு விற்றார்கள். அதன்பின் பேருந்து நிலையக் கடைகளில் 'மெமரி கார்டில் பாட்டு ஏற்றித் தரப்படும்' என்று பலகை மாட்டினார்கள். இன்று அந்தப் பலகையும் இல்லை. 2005இல் தோன்றிய யூடியூபும், 2019இல் இந்தியாவுக்கு வந்த ஸ்பாட்டிஃபையும் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டன.

இதனால் இசையில் பணமே இல்லாமல் போய்விட்டதா? இல்லை. உலக இசைப்பதிவுத் துறையின் வருவாய் 1999க்குப் பின் பல ஆண்டுகள் சரிந்தது உண்மை. ஆனால் 2023இல் அது 2,860 கோடி டாலர் என்று அத்துறையின் அனைத்துலக அமைப்பே கணக்குக் காட்டுகிறது. அதில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் இணையவழி ஒலிபரப்பில் வந்தது. பணம் மறையவில்லை, அது போகும் வாய்க்கால் மாறிவிட்டது. அந்த வாய்க்காலிலிருந்து நம் வயலுக்கு மடை உண்டா என்பதே கேள்வி.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

கணித மாணவன் என்ற முறையில் கணக்கைத் தாளில் போட்டுப் பார்த்தேன். யூடியூபில் விளம்பர வருவாய் பெற விரும்புபவர் ஆயிரம் சந்தாதாரரைச் சேர்க்க வேண்டும். அதோடு பன்னிரண்டு மாதங்களில் 4,000 மணி நேரம் பிறர் பார்த்திருக்க வேண்டும் என்பது அங்குள்ள பொது விதி. 4,000 மணி என்பது 2,40,000 நிமிடம். எங்கள் அம்மன் பாட்டு ஒன்று ஆறு நிமிடம். ஆகவே ஓராண்டில் 40,000 முறை யாரேனும் அதை முழுதாகக் கேட்டால்தான் கதவே திறக்கும். அதன் பிறகுதான் முதல் காசு. ஸ்பாட்டிஃபையிலோ 2024 முதல், பன்னிரண்டு மாதத்தில் ஆயிரம் முறைகூடக் கேட்கப்படாத பாட்டுக்குப் பங்கே இல்லை.

கதவு திறந்தபின் என்ன கிடைக்கும்? அதற்கு நிலையான விலை இல்லை. வந்த பணத்தை எல்லாப் பாட்டுகளுக்கும் கேட்ட அளவுக்கு ஏற்பப் பிரிக்கிறார்கள். கணக்குக்காக, ஒரு முறை கேட்டால் பத்துப் பைசா என்று வைத்துக்கொள்வோம். எங்கள் குழு ஓர் இரவு பம்பை அடித்தால் ஐந்து பேருக்கும் சேர்த்து 8,000 ரூபாய் கிடைக்கிறது. அந்த ஓர் இரவுக் கூலியை இணையத்தில் ஈட்ட 80,000 முறை பாட்டு கேட்கப்பட வேண்டும். இடையில் ஒரு நிறுவனம் பாதியை எடுத்துக்கொண்டால் 1,60,000 முறை!

இதிலிருந்து ஒன்று தெளிவாகிறது. உலகம் முழுவதும் கேட்கும் திரையிசைக்கு இந்தக் கணக்கு சரிப்படலாம். ஒரு வட்டாரத்துக்குள் வாழும் பம்பைக்கும் நையாண்டி மேளத்துக்கும் தெருக்கூத்துப் பாட்டுக்கும் இது சரிப்படாது. நம்மவர்க்குச் சோறு போடுவது இன்றும் நேரில் வாசிக்கும் இரவுகளே.

புதிய வழிகள் உண்மையில் புதியவையா?

தட்டு விற்காத காலத்தில் மேலைநாட்டுக் கலைஞர்கள் பல வழிகளைத் தேடிக் கண்டனர். 2007இல் ரேடியோஹெட் என்னும் ஆங்கில இசைக்குழு தன் புதிய தொகுப்பை இணையத்தில் வைத்து, விரும்பிய விலையைக் கொடுத்து எடுத்துக்கொள்ளுங்கள் என்றது. 2012இல் அமாண்டா பால்மர் என்னும் அமெரிக்கப் பாடகி, பாட்டை வெளியிடுவதற்கு முன்பே கேட்பவர்களிடம் பணம் திரட்டினார். ஏறத்தாழ 25,000 பேர் சேர்ந்து ஏறத்தாழ 12 லட்சம் டாலர் கொடுத்தனர். 2013இல் ஓர் இசைக் கலைஞரே தொடங்கிய பேட்ரியான் என்னும் ஏற்பாட்டில், விரும்பும் கலைஞருக்கு மாதந்தோறும் சிறு தொகை அனுப்பலாம். யூடியூபில் நேரலையாகப் பாடும்போதே கேட்பவர் பணம் அனுப்ப, அவர் பெயர் திரையில் தோன்றும் வசதி 2017இல் வந்தது.

இவற்றைப் படித்தபோது எனக்கு வியப்பைவிடச் சிரிப்பே வந்தது. இதில் எது நமக்குப் புதிது? திரௌபதி அம்மன் கோயிலில் பதினெட்டு நாள் பாரதம் நடத்த ஊரார் கூடித் தலைக்கட்டு வரி போடுகிறார்களே, அது பலர் கூடி முன்பணம் திரட்டுவது அன்றோ? கூத்து நடக்கும்போது ஒருவர் மேடையேறி நூறு ரூபாயைக் கட்டியங்காரனிடம் கொடுக்க, அவன் ஆட்டத்தை நிறுத்தி, இன்னார் மகன் இன்னார் அன்பளிப்பு என்று உரக்கச் சொல்கிறானே, அது திரையில் பெயர் தோன்றுவதற்குப் பாட்டன் அன்றோ? கோயில் மேளக்காரருக்கு ஆண்டு முழுவதும் வாசிப்பதற்காக மானிய நிலம் விட்டார்களே, அது மாதச் சந்தாவின் முன்னோடி அன்றோ?

தட்டு விற்பனைதான் இடையில் வந்தது, நூறு ஆண்டு இருந்தது, போயிற்று. அது போனபின் உலகம் பழைய வழிக்கே, கருவியை மட்டும் மாற்றிக்கொண்டு, திரும்பியிருக்கிறது.

பழமை எல்லாம் பொன்னல்ல

"அப்படியானால் நல்லதுதானே! பழைய வழி நமக்குத் தெரிந்த வழிதானே!" என்று சிலர் மகிழக்கூடும். நானும் முதலில் அப்படித்தான் எண்ணினேன். தந்தையாரிடம் சொன்னேன். அவர் சற்று நேரம் பேசாமல் இருந்து, தம் தந்தை காலத்துக் கதையைச் சொன்னார்.

அக்காலத்தில் கூலி இன்னதென்று பேசுவதில்லை. அறுவடையில் களத்துமேட்டில் நின்று கொடுப்பதை வாங்கிக்கொள்ள வேண்டும். இழவு வீட்டுக்கு அழைத்தால் உடம்பு சரியில்லை என்று சொல்ல முடியாது. திருவிழாவில் விடிய விடிய அடித்தவர்கள் பந்தியில் கடைசியாகத்தான் உட்கார வேண்டும், அதுவும் தனியாக. அடிக்க மாட்டேன் என்று சொல்லும் உரிமை இல்லாதவனின் கலைக்கு வருவாய் என்று பெயரில்லை. அதற்குப் பெயர் வேறு.

இதை எண்ணிப் பார்க்கும்போது இசைத்தட்டும் ஒலிநாடாவும் செய்த ஒரு நன்மை விளங்குகிறது. கடையில் ஒலிநாடா வாங்கியவர், வாசித்தவன் எந்தத் தெருவில் குடியிருக்கிறான் என்று கேட்டு வாங்கவில்லை. காதுக்கு இனிமையாக இருந்தது, காசு கொடுத்தார். கலைஞனும் கேட்பவனும் வாங்குவோரும் விற்போருமாகச் சமமாக நிற்க ஒரு கடைத்தெரு கிடைத்தது. அந்தக் காசு எங்கள் வீடுவரை வரவில்லை என்பது வேறு குறை. ஆனால் அந்தச் சமநிலை நல்லது. ஒலிநாடா போனதோடு அதுவும் போய்விடலாகாது.

ஆகவே நமக்கு வேண்டியது பழைய புரவலரும் அல்லர். பழைய தட்டுக்கடையும் அன்று. நேரில் வந்து வாசிப்பதற்கு நிமிர்ந்து நின்று விலை சொல்லும் உரிமையும், பதிவானதில் பெயரும் பங்கும் இருக்க வேண்டும். இவ்விரண்டும் இல்லாத எந்தப் புதிய வழியும் பழைய களத்துமேடுதான்.

சட்டம் இருக்கிறது, தாள் எங்கே?

பெரிய கலைஞர்கள்கூட இப்போராட்டத்தில் தப்பவில்லை. 2021 மார்ச்சில் வெளிவந்து உலகெங்கும் தமிழைக் கொண்டு சென்ற 'எஞ்சாய் எஞ்சாமி' பாட்டை நாம் அனைவரும் அறிவோம். அறிவும் தீயும் பாடிய அப்பாட்டால் தங்களுக்கு வருவாய் எதுவும் வந்து சேரவில்லை என்று 2024 மார்ச்சில் அதன் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் வெளிப்படையாகச் சொன்னார். வெளியிட்ட நிறுவனம் தன் பக்கத்து விளக்கத்தைச் சொல்லி மறுத்தது. யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. கோடிக்கணக்கானோர் கேட்ட பாட்டிலேயே கணக்கு இப்படித் தகராறாகும் என்றால், கணக்கே எழுதாத பம்பைக்காரர் நிலை என்ன என்பதே என் கேள்வி.

நம் நாட்டுச் சட்டம் இதில் மெல்ல மெல்ல வளர்ந்துள்ளது. 1957ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தில், பாடுபவர்க்கும் வாசிப்பவர்க்கும் தனியுரிமை 1994இல்தான் சேர்க்கப்பட்டது. 1999இல் அவ்வுரிமையின் காலம் ஐம்பது ஆண்டுகளாக நீட்டிக்கப்பட்டது. திரைப்பாட்டை எழுதியவரும் இசையமைத்தவரும் ஒரு தொகையை வாங்கிக்கொண்டு எல்லா உரிமையையும் தயாரிப்பாளரிடம் விட்டுவிடும் வழக்கம் நெடுநாள் இருந்தது. அதை மாற்றும்படி கவிஞர் ஜாவேத் அக்தர் முதலானோர் போராடினர். 2012இல் வந்த திருத்தம், அவர்களுடைய உரிமத்தொகைப் பங்கை அவர்களே விரும்பினாலும் பிறருக்கு விற்க முடியாதபடி காத்தது. எழுதியவர்க்கும் இசையமைத்தவர்க்கும் 1969 முதல் ஐ.பி.ஆர்.எஸ். என்னும் சங்கம் உண்டு. பாடகர்களுக்கென இஸ்ரா என்னும் சங்கம் 2013இல் பதிவானது.

உரிமம் என்ற சொல்லைக் கேட்டாலே நம் ஊர் இன்னிசைக் குழுக்கள் அஞ்சுகின்றன. தம் பாட்டுகளை அனுமதியின்றி மேடையில் பாடக்கூடாது என்று 2017இல் இளையராஜா, எஸ்.பி. பாலசுப்பிரமணியம் உள்ளிட்டோர்க்கு வழக்கறிஞர் கடிதம் அனுப்பியபோது எழுந்த பேச்சு இன்னும் அடங்கவில்லை. பாட்டைப் படைத்தவர்க்கு அதில் பங்கு வேண்டும் என்பது நியாயம். இரவு ஒன்றுக்குச் சில நூறு ரூபாய் வாங்கும் பாடகன் தலையில் அதன் சுமை விழலாகாது என்பதும் நியாயம். நுழைவுச் சீட்டு விற்று நிகழ்ச்சி நடத்துவோர்தாம் அதைக் கட்ட வேண்டும். சமயச் சடங்குக்கும் திருமண ஊர்வலத்துக்கும் சட்டமே விலக்குத் தந்திருக்கிறது என்பதை நம் குழுக்கள் அறிந்து வைத்துக்கொள்வது நலம்.

சட்டம் என்பது நல்ல பூட்டு. ஆனால் தாளில் எழுதிய ஒப்பந்தம் என்னும் கதவு இல்லாதவன் அந்தப் பூட்டை எங்கே மாட்டுவான்? 1998இல் என் தந்தையார் கையில் ஒரு தாள் இருந்திருந்தால், அதில் ஐந்து பெயர்கள் இருந்திருந்தால், பதினான்கு லட்சத்தைக் காட்டி இன்று நான் கேட்டிருப்பேன்.

நான் செய்து பார்த்தது

வெறும் சொல்லோடு நிற்கலாகாது என்று ஒரு சிறு முயற்சி செய்தேன். சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் குழுவின் வாசிப்பைக் கைபேசியில் பதிவு செய்து, குழுவின் பெயரிலேயே யூடியூபில் ஏற்றினேன். கீழே பெயர்களை எழுத உட்கார்ந்தபோது தந்தையார், "மொதல்ல பெரியவர் பேரப் போடு. எனக்கு அடி சொல்லிக் குடுத்தது அவருதான்" என்றார். உடுக்கை அடிக்கும் அந்தப் பெரியவருக்கு எழுத்துத் தெரியாது. மறுநாள் அவரிடம் கைபேசியைக் காட்டியபோது, "இதுல எது எம் பேரு?" என்று கேட்டார். காட்டினேன். விரலால் தொட்டுப் பார்த்தார். விரல் பட்டதும் திரை நகர்ந்துவிட்டது. மறுபடியும் கொண்டுவரச் சொன்னார்.

இன்றுவரை எங்களுக்கு 340 சந்தாதாரர். வருவாய் சுழியம். கணிதத்தில் சுழியம் பெருமைக்குரிய எண், வீட்டில் அப்படியன்று! ஆனால் எதிர்பாராத ஒன்று நடந்தது. பதிவைப் பார்த்துக் கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து இரண்டு ஊரார் பேசினார்கள். ஒவ்வோர் இரவுக்கும் 9,000 ரூபாய் என்று முன்னரே பேசி, பாதியை முன்பணமாக அனுப்பினார்கள். பதிவு விற்கும் சரக்காக இல்லை. ஆனால் அது ஊர் ஊராகப் போய்த் தாம்பூலம் வாங்கிவரும் தூதனாக இருக்கிறது. பெயரும் தொலைபேசி எண்ணும் இருந்ததால்தான் அந்தத் தூது பலித்தது. யாரோ ஏற்றிய பழைய பதிவு பதினான்கு லட்சம் பேரைச் சேர்ந்தும் எங்களுக்கு ஓர் இரவைக்கூடக் கொண்டு வரவில்லை. எங்கள் பெயர் தாங்கிய பதிவு சில நூறு பேரைச் சேர்ந்து இரண்டு இரவுகளைத் தந்தது.

ஆனாலும் நேரில் வாசிப்பதையே முழுதும் நம்பியிருப்பதும் இடர்தான். 2020இலும் 2021இலும் கொரோனாவால் திருவிழாக்கள் நின்றபோது பம்பை பரணில் ஏறியது. தந்தையார் செங்கல் சூளைக்குப் போனார். ஆகவே நேர்க்கூலியோடு பதிவில் பங்கு, கற்றுக்கொடுப்பதில் ஊதியம், அரசு தரும் பாதுகாப்பு ஆகிய துணைக்கால்களும் வேண்டும். வெளிநாட்டுத் தமிழர் வீட்டுப் பிள்ளைகள் இன்று பறையையும் நாகசுரத்தையும் இணையவழியே கற்கிறார்கள். 2025இல் மதுரைப் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. ஒரு காலத்தில் ஊர் இழிவாகப் பார்த்த கருவியைக் கற்க இன்று ஆசானைத் தேடி வருகிறார்கள் என்றால், நம் பம்பைக்கும் அந்நாள் வாராதா?

மாணவ நண்பர்களே!

நம் கல்லூரியில் பயில்வோரில் பலர் என்னைப் போன்றவர்களே. யாரேனும் ஒருவர் வீட்டில் ஒரு மேளமோ, ஒரு கூத்துச் சலங்கையோ, ஒரு தாலாட்டுக் குரலோ இருக்கும். அவர்களுக்கு நாம் செய்யக் கூடியவை பெரிய செலவில்லாதவை.

முதலாவதாக, பெயரை எழுதுவோம். திருவிழாவில் கைபேசியில் படம் பிடித்து ஏற்றும்போது வாசிப்பவரிடம் ஒரு சொல் கேட்டு ஏற்றுவோம். பெயரையும் ஊரையும் போடுவோம். நாம் செய்யும் இந்தச் சிறு பிழைதான் பதினான்கு லட்சமாக வளர்கிறது.

இரண்டாவதாக, ஒரு பக்க ஒப்பந்தம் எழுதிக் கொடுப்போம். கூலி எவ்வளவு, முன்பணம் எவ்வளவு, பதிவு செய்யலாமா, செய்தால் பங்கு எவ்வளவு, பெயர் எங்கே வரும் என்னும் ஐந்து வரி போதும். நம் பெற்றோர்க்கு எழுதத் தெரியாமல் இருக்கலாம், நமக்குத் தெரியுமே!

மூன்றாவதாக, 2007இல் தமிழ்நாடு அரசு அமைத்த நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் நம் ஊர்க் கலைஞர்களைச் சேர்ப்போம். படிவம் நிரப்பத் தெரியாததால் உறுப்பினர் அட்டை இல்லாமல் இருப்பவர்கள் நம் தெருவிலேயே இருக்கிறார்கள்.

நான்காவதாக, கூடி நிற்கச் சொல்வோம். 1990இல் காஞ்சிபுரத்தில் கூத்துக் கலைஞர்கள் கட்டைக்கூத்துச் சங்கம் அமைத்தார்கள். தனித்தனியே கூலி பேசினால் குறைந்த கூலிக்கு ஒப்புபவனைக் காட்டி மற்றவனை மிரட்டுவார்கள். கூடிப் பேசினால் அது நடவாது.

ஐந்தாவதாக, நம் விழாக்களுக்குக் கலைஞர்களை அழைக்கும்போது பேசிய கூலியை உறையில் வைத்துக் கொடுப்போம். ஒலிபெருக்கிக்காரருக்கும் பந்தல்காரருக்கும் கணக்காகப் பணம் கொடுத்துவிட்டு, கலைஞருக்கு மட்டும் பொன்னாடை போர்த்தி அனுப்பும் வழக்கத்தைப் பல ஊர் விழாக்களில் பார்த்திருக்கிறேன். பொன்னாடையை உலையில் போட்டுச் சோறாக்க முடியாது.

"தெய்வத்துக்குப் பாடுவதில் கணக்கா? கலையை விற்பதா?" என்று கேட்போரும் உண்டு. அவர்களுக்கு ஒன்று சொல்வேன். அதே தெய்வத்துக்குப் பூ விற்பவர் கணக்குப் பார்க்கிறார். பந்தல் போடுபவர் கணக்குப் பார்க்கிறார். அவர்களை யாரும் குறை சொல்வதில்லை. பசியோடு வாசித்தால்தான் பக்தி என்று எந்தத் தெய்வம் சொன்னது?

முடிவுரை

எனக்கும் பம்பை அடிக்கத் தெரியும். ஏழு வயதிலேயே தந்தையார் கற்றுக் கொடுத்தார். ஆனால் கல்லூரியில் சேர்ந்த அன்று, "இனிமே இதத் தொடாத. படிச்சுட்டு ஒரு வேலைக்குப் போ" என்றார். கலை மீது உள்ள வெறுப்பால் அவர் அதைச் சொல்லவில்லை. களத்துமேட்டை நினைத்துச் சொன்னார். எங்கள் குழுவில் ஐந்து பேரில் மூவர் அறுபதைக் கடந்தவர்கள். அவர்கள் பிள்ளைகள் யாரும் குச்சியைத் தொடவில்லை. பத்து ஆண்டுகளில் பாப்பிரெட்டிப்பட்டி அம்மன் திருவிழாவில் பம்பை இருக்குமா, அல்லது லாரியில் ஏற்றிய டி.ஜே. பெட்டி மட்டும் இருக்குமா என்பது இசையைப் பற்றிய கேள்வி மட்டும் அன்று. அந்தக் குச்சியை எடுப்பவனுக்கு நிமிர்ந்து நிற்க இடம் உண்டா என்னும் கேள்வி.

நான் பட்டம் பெறுவேன், வேலைக்கும் போவேன். ஆனால் மாசி மாதத்து இரவுகளில் பம்பையையும் எடுப்பேன். தந்தையாரிடம் இன்னும் சொல்லவில்லை. இம்மலர் அச்சாகி வந்ததும் படித்துக் காட்டலாம் என்று இருக்கிறேன்.

ஔவையார் அன்று வாயிற்காவலனிடம் துணிந்து பேசினார் என்றால், அவர் பெயரை எல்லா வள்ளல்களும் அறிந்திருந்தனர். இன்றைய கலைஞரும் அப்படிப் பேச வேண்டுமானால் முதலில் அவர் பெயரை உலகம் அறிய வேண்டும். ஆகவே எதிரே வரும் பாணனுக்கு நான் சொல்லும் ஆற்றுப்படை இதுதான்: ஐயா, பதிவைக் கொடுங்கள், பெயரோடு கொடுங்கள். நேரில் வந்து வாசியுங்கள், விலை பேசி வாசியுங்கள். தாளில் எழுதி வாங்குங்கள். எழுதத் தெரியாவிட்டால் எங்கள் கல்லூரிக்கு வாருங்கள்; எழுதிக் கொடுக்க நாங்கள் இருக்கிறோம்.